முயலுக்கு ஊட்டிய மல்லாட்டை

புதன்கிழமை, திண்டிவனம்

மகள் கவிதாவின் முயல் நேற்றிலிருந்து எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. விழுப்புரம் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். வயிற்றைத் தடவிப் பார்த்து, "என்ன குடுத்தீங்க?" என்றார்.

நான் வியாபாரம் செய்யும் வேர்க்கடலை மண்டியில் மாதிரிக்கு உடைத்துப் பார்த்து மிஞ்சிய மல்லாட்டையைத் தினமும் கொண்டுவந்து ஊட்டியது நான்தான். மறைக்காமல் சொன்னேன்.

"இதுக்குப் புல்லுதாங்க சாப்பாடு. மல்லாட்டை குடலையே நிறுத்திடும்" என்று ஊசி போட்டார். பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மகள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் வித்துக்கினு கீறது பத்தலையாப்பா? இந்த முயலுதான் பாக்கியா?"

சாயங்காலம் முயல் இரண்டு புல் கடித்தது. புழுக்கை இன்னும் இல்லை.

அவளோடு பேசி முடித்தது இதுதான்: தினமும் விடியலில் அறுகம்புல் அறுத்து வருவது என் வேலை. ஊட்டுவது அவள் மட்டும்.