மாலைச் சூரியனைப் பார்த்துக் கட்டப்படும் விளையாட்டரங்கம்

அனுப்புநர்:
எர்சிலியா மொந்தாஸ்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
லோமா பர்தா,
டொமினிக்கன் குடியரசு.

பெறுநர்:
மாகாண விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்கள்.

பொருள்: புதிய பேஸ்பால் அரங்கில் மட்டையாளர் நிற்குமிடத்தைக் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் சூரியன் மேற்கே மறைகிறது. இதை ஒரு மனுவில் எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். நகரத் தலைவர் திரு. பெலிசியானோ கட்டிவரும் அரங்கில் மட்டையாளர் மேற்கு நோக்கி நிற்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை ஆலை விட்டபின் மாலை ஐந்து மணிக்குத்தான் இங்கே ஆட்டம் தொடங்கும். இரவில் மின்சாரத்தை நம்பி யாரும் மட்டையைத் தூக்குவதில்லை.

2. முதல் வரைபடம் சரியாகவே இருந்தது. ஆனால் மட்டையாளருக்குப் பின்னால் எழும் பெரிய பார்வையாளர் மாடத்தின் முதுகில் தலைவரின் பெயர் வரப்போகிறது; நெடுஞ்சாலையோ கிழக்கே இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் பெயரைப் படிக்க வேண்டுமென்று வரைபடத்தையே திருப்பிவிட்டார்கள். பெயர்ப்பலகை தெருவுக்குத் தெரியவில்லை என்று ஒருவர் அடுப்பங்கரையை வாசலுக்கு மாற்றினால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

3. எதிர்க்கட்சி உறுப்பினர் திரு. நிக்கானோர் இதைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு தம் மூலைக்கடையில் கறுப்புக் கண்ணாடி விற்கத் தொடங்கினார். இப்போது, "எதுக்கு டீச்சர் அவசரம்? வெயில் நல்லதுதானே!" என்கிறார்.

4. சென்ற ஞாயிறு, புதிய மைதானத்தில் கோடு போட்டு ஒரு வெள்ளோட்ட ஆட்டம் நடந்தது. ரொட்டிக்கடையில் வேலை செய்யும் எவெலியோதான் எங்கள் ஊரின் மிகச் சிறந்த மட்டையாளன். "கண்ணத் தொறந்து அடிடா!" என்று கூட்டம் கத்தியது. "தொறந்து வச்சிருக்கறதாலதான்யா ஒண்ணும் தெரியல!" என்று அவன் திரும்பிக் கத்துவதற்குள் பந்து கன்னத்தில் விழுந்தது. வீக்கம் வடிந்துவிடும். ஆனால் அடுத்த மாதம் தலைநகர அணியின் தேர்வாளர்கள் இதே மைதானத்தில் அவனைப் பார்க்க வருகிறார்கள். வராத பந்துக்கு மட்டை வீசுகிறவனை யார் எடுப்பார்கள்? அவன் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு மாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

5. நான் தலைவரைச் சந்தித்தேன். காப்பி கொடுத்து அன்பாகப் பேசினார். "மேற்குப் பக்கம் மாமரம் நட்டுடலாம் டீச்சர், பத்து வருஷத்துல நிழல் வந்துரும்" என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "பசங்க கொஞ்சம் தலையச் சாய்ச்சு நிக்கட்டுமே!" என்றார். பள்ளியில் அவர் என் மாணவர். திசைகள் பாடம் நடத்திய வாரத்தில் அவருக்கு அம்மைக் காய்ச்சல். அதை அவருக்குச் சாதகமாகவே இங்குக் குறிப்பிடுகிறேன்.

6. மாடத்துக்கு இன்னும் அஸ்திவாரக் குழி மட்டுமே வெட்டியிருக்கிறார்கள். தாங்கள் பார்வையிட்டு ஒப்பமிட்டதும் கான்கிரீட் கொட்டிவிடுவார்கள். பிறகு எதையும் திருப்ப முடியாது. தங்கள் வருகையை வரும் வியாழன் காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது சூரியன் மட்டையாளரின் முதுகுக்குப் பின்னால் சமர்த்தாக நிற்கும். எல்லாம் அழகாகவே தெரியும்.

ஆகவே ஐயா, காலை விருந்தை உண்டு, சற்று ஓய்வெடுத்து, மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்களே மட்டையைப் பிடித்து நில்லுங்கள். எவெலியோ பந்து வீசுவான்; ரப்பர் பந்துதான், வலிக்காது. அது தங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயே தாராளமாக ஒப்பமிடலாம். இந்த மனுவை நானே கிழித்துவிடுகிறேன்.

இடம்: லோமா பர்தா
நாள்: பிப்ரவரி 9

பணிவுடன்,
(ஒப்பம்)
எர்சிலியா மொந்தாஸ்