உள்ளுக்குப் போய்விடும் என்ற பயம்

அக்கா,

பேத்தி யாழினியின் முழங்கை மடிப்புகள் இரண்டும் ஆறிவிட்டன. சொன்னவர் அவளுடைய குழந்தை வைத்தியர், போன செவ்வாய்க்கிழமை. நான் பக்கத்தில் நின்றேன். விளக்கை இழுத்துப் பிடித்து, மடிப்பை விரித்துப் பார்த்து, இனி வாரத்தில் இரண்டு நாள் பூசினால் போதும் என்றார். என் மகள் தர்சினி கிறீம் குழாயை மூடிக் கைப்பைக்குள் வைத்தபோது அதன் மெழுகு மணம் என் வரைக்கும் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் வாசலில் நின்றே உங்களுக்குத் தொலைபேசி எடுத்திருப்போம். மாசியில் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வருடக் கோடையில், இங்கே ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் உங்களுக்கு நினைவிருக்கும். சனத்துக்கு ஒதுங்கி, கால்வாய்க் கரை மர நிழலில் நின்றோம். பேத்திக்கு அப்போது நாலு வயது. முழங்காலின் பின்புறம் சிவந்து நீர் வடிந்தது. சொறியாமல் இருக்கத் தர்சினி அவளுடைய கைகளுக்குக் காலுறை மாட்டியிருந்தாள். பிள்ளை காலுறையோடே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறீம் பூசிப்போடாதை பிள்ளை. கரப்பானை மேலாலை அடிச்சா உள்ளுக்கை போய்த் தொய்வாக் கிளம்பும்" என்றார் தர்சினியின் மாமியார். கச்சான் கடலை வாங்க வந்த யாரோ ஒரு பெண் நின்று, "ஓம், என்ரை தமக்கையின்ரை பெடிக்கும் அப்பிடித்தான் வந்தது. இப்ப இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடுறான்" என்று சேர்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் குனிந்து பிள்ளையின் காலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "உள்ளுக்கை போறதெண்டால் எந்த வாசலாலை மாமி போகும்?"

"நீங்கள் டொக்டர். உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லை. கனகாலம் தோலைப் பாத்த எனக்கே அந்த வாசல் ஆப்பிடேல்லை."

வைத்தியர் எழுதிக் கொடுத்த கிறீம் வீட்டில் பெட்டி உடைக்காமல் இருந்தது. அதற்குப் பதிலாகப் பத்தியம். முட்டை இல்லை, மீன் இல்லை, கத்தரிக்காய் இல்லை, பாலும் நிறுத்தியாயிற்று. "பிள்ளையைத்தான் மெலிய வைச்சிருக்கிறியள். கரப்பான் வருத்தம் நல்லாச் சாப்பிட்டு இருக்குது" என்றீர்கள். தர்சினிக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் அதற்கு மேல் வாதாடவில்லை. "கொப்பர் அடுத்த கிழமை ஹாலே காப்பகத்துக்கு வாறார். நீயும் பிள்ளையோடை வா" என்றீர்கள், அவ்வளவுதான்.

கொப்பர் என்றது என்னை; நான் அங்கே வந்தது பத்திரிகைக்குச் செய்தி எழுத. ஓய்வு பெற்ற பிறகு பழைய ஜேர்மன் கையெழுத்து படிக்கப் பழகி, அந்தக் காப்பகத்தில் தரங்கம்பாடி ஜேர்மன் மிசனிலிருந்து வந்த தாள்களோடு உட்கார்ந்திருந்தீர்கள். இங்கிலாந்தை ஜோர்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்துத் தாள்கள். "எங்கடை ஹனோவர் நகரத்து ஆக்கள்தான் இங்கிலாந்துக்குப் போய் ராசாவானவை. வருத்தத்துக்குக் கொடுத்த மருந்தும் அங்கையும் இங்கையும் ஒண்டுதான்" என்று நீங்கள் சொல்ல, வாசிப்பறை மேற்பார்வையாளர் விரலை உதட்டில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, பிரதியை எடுத்து முற்றத்துக்கு எங்களைக் கூட்டிப்போய் வாங்கில் உட்கார வைத்தீர்கள்.

அங்கே வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னீர்கள். மிசன் பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்திக்குக் காதின் பின்புறத்திலும் முழங்கை மடிப்பிலும் ஆறாத கரப்பான். ஜேர்மன் வைத்தியர் முதலில் பேதிக்குக் கொடுத்தார். புண் வடியட்டும், கெட்ட நீர் வெளியேறுவது நல்லது என்று விட்டுவைத்தார். பிள்ளை உறக்கமில்லாமல் அழுதபோது கந்தகத்தைக் கொழுப்பில் குழைத்துப் பூசினார். ஆறத் தொடங்கியதும் அவருக்குப் பயம் வந்தது. உடனே நிறுத்தினார். திரும்பவும் வெடித்தது. அடுத்த மழைக்காலத்தில் சிறுமிக்கு மூச்சிழுப்பு. தான் அவசரப்பட்டு வருத்தத்தை உள்ளே விரட்டிவிட்டதாக அவர் வருந்தி எழுதியிருந்தார்.

தர்சினி துள்ளி எழும்பினாள். "பாத்தீங்களா அன்ரி! மாமி சொன்னதும் இதுதானே. அந்தக் காலத்து டொக்டரே எழுதியிருக்கிறார்!"

"ஓம்" என்றீர்கள். "ஒரு சொல்லும் மாறேல்லை. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னனான். இது ஊரிலை இருந்து கொண்டு வந்த பயம் எண்டு நீ நினைச்சுக்கொண்டு இருக்கிறாய். இஞ்சை பெரிய பெரிய டொக்டர்மாரும் இதே பயத்தோடைதான் பிள்ளையளைச் சொறிய விட்டவை."

"அப்ப ஏன் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டு வந்தது?"

"அவர் கண்டது சரி பிள்ளை. காரணம்தான் பிழை. இந்தக் கரப்பான் இருக்கிற பிள்ளையளிலை கொஞ்சப் பேருக்குப் பிறகு தொய்வு வரும். பூசினாலும் வரும், பூசாட்டிலும் வரும். ரெண்டும் ஒரு வீட்டுச் சகோதரங்கள். மூத்தது முதல் வந்திட்டுது எண்டதுக்காக, மூத்ததை அடிச்சதாலைதான் இளையது வந்தது எண்டு சொல்லலாமோ?"

யாழினி வாங்கின் விளிம்பில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடி தர்சினி கேட்டாள்: "எவ்வளவு பூசோணும்?"

உங்கள் முகம் அப்போது மலர்ந்ததை நான் பார்த்தேன். சுட்டுவிரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை தொட்டுக் காட்டினீர்கள். "இவ்வளவு கிறீம் உன்ரை ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். ஆனால் முதல் உங்கடை வைத்தியரிட்டைப் போக நாள் கேட்டு டெர்மின் எடு. நான் இப்ப பழைய தாள் வாசிக்கிற கிழவி."

கதை அங்கே முடிந்திருந்தால் எழுதுவதற்கு எனக்கு இலகுவாக இருந்திருக்கும். முடியவில்லை. பூசத் தொடங்கிச் சில நாளில் தோல் வெளித்தது. தர்சினி நிறுத்தினாள். அடுத்த கிழமையே முழுக்கத் திரும்பி வந்தது. அழுதுகொண்டு உங்களுக்கு எடுத்தாள். நான் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏசவில்லை.

"ஆறினவுடனை நிப்பாட்டிப் போட்டாய், என்ன?"

"பயமா இருந்தது அன்ரி."

"தரங்கம்பாடி டொக்டர் செய்ததும் அதுதான். அவருக்குச் சொல்லக் குடுக்க ஆளில்லை. உனக்கு நான் இருக்கிறன். வைத்தியர் சொன்ன மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கோணும். முட்டையைக் குடு, மீனைக் குடு. ஒண்டைக் குடுத்து ஏதும் செய்தால் வைத்தியரிட்டைச் சொல்லு. மாமியை நான் பாக்கிறன்."

மாமியாரை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தீர்கள். அதற்குப் பிறகு யாழினிக்கு மீன் பொரித்துக் கொடுத்தவர் அவர்தான். கேட்டால், "டொக்டர் அக்கா மரியாதையாக் கேட்டவ" என்று மட்டும் சொல்வார்.

இனி, இன்னும் தெரியாதது. சித்திரையிலிருந்து யாழினி ஓடி விளையாடினால் இருமுகிறாள். நெஞ்சில் மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்பதாக வைத்தியர் சொன்னார். சொன்ன அன்றே மாமியார், "பாத்தியளோ?" என்று தொடங்கினார். நான் வாய் திறக்கும் முன்னமே தர்சினி பதில் சொன்னாள்: "பூசாட்டிலும் வந்திருக்கும் மாமி. வந்தால் அதுக்கும் மருந்து இருக்கு. இப்ப பிள்ளை சொறியாமல் நித்திரை கொள்ளுறாள், அதைப் பாருங்கோ." குரல் அவளுடையது, நிதானம் உங்களுடையது.

என்னிடம் நீங்கள் விட்டுப்போனதும் அதுதான் அக்கா. ஒன்று நடந்த பிறகு இன்னொன்று நடந்தது என்று யாராவது சொன்னால் இரண்டையும் குறித்துக்கொள்கிறேன். நடுவில் "அதனால்" என்ற சொல்லைப் போட, இத்தனை வருடம் செய்தி எழுதிய கை இப்போது தயங்குகிறது.

தொய்வுதானா என்று அறிய யாழினியின் மூச்சைக் குழாய்க்குள் ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஐப்பசியில். முடிவை அன்றைக்கே சொல்வார்களாம். எது வந்தாலும் கிறீமை நிறுத்துவதில்லை என்று தர்சினி சொல்லிவிட்டாள்.