பத்தாம் பெயரில் நின்றுபோன ஒளியுருப் பேழை

வளர்பிறை முதல் நாளில் எண்ணாயிரம் கழஞ்சு பொன்னுக்கு மதிக்கப்பட்டதும், ஒன்பதாம் நாளாகிய இன்று மூன்று மரக்கால் உப்புக்கும் கேட்பாரற்றுக் கிடப்பதுமாகிய மாமன்னரின் ஒளியுருவத்தை எதிரே வைத்துக்கொண்டு, செங்குடுமி நாட்டுத் தலைநகராம் கல்மாடத்துத் தூதர் மாளிகையிலிருந்து, வெண்டுறை நாட்டுத் தூதன் சாத்தன் கண்டீரன் எழுதிய ஓலை.

மூன்று புறமும் கடல் காவல் நிற்க, ஏழு கழிகளும் உப்பு விளைக்கும் வெண்டுறை நாட்டின் அரசவைக் கருவிச்சாலை நாயகரும், நுண்தொழில் மாராயர் என்னும் பட்டம் பூண்டவரும், இந்தப் பேழையைத் தம் கையால் சமைத்தவருமாகிய செம்மேட்டு நெடுங்கண்ணனார் திருமுன் இது சேர்க. மாமன்னர் பெருநற்கண்டர் கொற்றம் ஓங்குக. உம் உலைகள் அவியாதிருக்க, உம் உளிகள் மழுங்காதிருக்க. இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காகப் பொய் எழுத இந்த ஓலையில் இடம் போதாது. ஆகையால் அதை விடுத்து நடந்ததைச் சொல்கிறேன்.

நம் உப்போடக்காரர் பதினான்கு பேர் பனிமூட்டத்தில் எல்லைக்கல் தெரியாமல் இந்நாட்டு ஆற்றுக்குள் புகுந்து சிறைப்பட்டதை நீர் அறிவீர். குற்றவாளியின் அரசனே நேரில் நின்று ஒவ்வொருவன் பெயரையும் தன் வாயால் சொல்லிக் கேட்டாலன்றி விலங்கு கழலாது என்பது செங்குடுமி வழக்கு. முடிசூடியவன் எல்லை தாண்டலாகாது என்பது வெண்டுறை வழக்கு. இரண்டு வழக்குக்கும் நடுவே பதினான்கு பேர் நசுங்கக்கூடாது என்றுதான், வெற்றிலைப் பெட்டி அளவே உள்ள உம் பேழையை என்னிடம் தந்து அனுப்பினார்கள். மூடியிலுள்ள கதிர்த்தகடு வெயிலைக் குடிக்கும். பக்கத்திலுள்ள செவிக்கொம்பு குன்றின்மேல் நிற்கும் சைகைக் கோபுரத்தோடு பேசும். அங்கே அனுப்புப் பேழையின்முன் மன்னர் அமர்ந்தால் இங்கே ஆளுயரத்துக்கு எழுந்து நிற்பார். நீர் அன்று சொன்ன சொற்கள் இவை. நான் ஒன்றும் கூட்டவில்லை.

முதல் நாள் அவையில் மாமன்னர் எழுந்து நின்றபோது பார்த்தவர் மூச்சடங்கிப் போனார்கள். இந்நாட்டு அரசி எயினிமாதேவியாரின் பண்டார அதிகாரி என் காதோரம் வந்து, பேழைக்கு எண்ணாயிரம் கழஞ்சு தருகிறேன், மன்னர் உள்ளே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று விலை பேசினார். நான் பேரங்காடியில் தராசுத் தட்டுக்கு அடியில் வளர்ந்தவன். கேட்ட விலைக்குச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அன்று தலையாட்டியிருந்தால் இன்று நிம்மதியாக உறங்கியிருப்பேன்.

மன்னர் ஒன்பது பெயர்களைச் சொன்னார். ஒன்பது பேர் கால் விலங்கும் கழன்றது. பத்தாவதாகப் பொத்தி என்பவனை அழைக்க வாய் திறந்தவர் முதல் எழுத்தோடு நின்றார். உயர்த்திய கை உயர்த்தியபடி, திறந்த வாய் திறந்தபடி. அரசன் வாய் திறந்திருக்கையில் எவரும் அமரலாகாது என்பது இந்த அவையின் ஒழுங்கு. ஆதலால் இரண்டு நாழிகை அவை முழுதும் நின்றது. முதுகுடி மக்களில் ஒருவர் மயங்கி விழுந்தார். அதன்பின் மன்னர் மெல்ல மங்கி, கால் முதலாக மறைந்து, திறந்த வாய் மட்டும் சிறிது நேரம் அந்தரத்தில் நின்று அதுவும் போயிற்று. அறங்கூறும் அவையத்தார் ஒரு பகல் முழுதும் வாதாடி, பாதிப் பெயருக்குப் பாதி விலங்கு என்று தீர்த்தார்கள். பொத்திக்கு இடக்கால் விடுதலை பெற்றது. வலக்கால் இன்னும் சிறையில் இருக்கிறது. பார்க்கப் போன என்னிடம் அவன், இரண்டரை எழுத்துப் பெயரையே மன்னரால் முடிக்க முடியவில்லை, நல்லவேளை என்னைப் பெற்றவர்கள் பெரிய பெயராக வைக்கவில்லை என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். விலங்கு உரசிய இடத்தில் சீழ் வைத்திருந்தது.

அன்றே உமக்கு எழுதினேன். பேழையை மூடிப் பத்து வரை எண்ணித் திறக்கவும் என்று மூன்றாம் நாள் உம் மறுமொழி வந்தது. எண்ணினேன், பத்தில் நிற்காமல் நூறு வரை எண்ணினேன். மீண்டும் எழுதினேன். உலர்ந்த துணியால் துடைக்கவும் என்று ஐந்தாம் நாள் வந்தது. துடைத்துத் துடைத்து என் அங்கவஸ்திரம் நூலாயிற்று. மூன்றாம் முறையும் எழுதினேன். பேழையின் மூடி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும் என்று ஏழாம் நாள் வந்தது. நாயகரே, ஓலை ஒன்றுக்குப் போக ஒரு குதிரை, வர ஒரு குதிரை ஓடுகிறது. மூடி திறந்திருக்கிறதா என்று கேட்க இரண்டு குதிரைகள் நுரை தள்ளின.

அந்த ஏழாம் நாளில்தான், அரண்மனை மடைப்பள்ளியில் வடகம் காயவைக்கும் செம்பி என்பவள் எங்கள் முற்றத்தைக் கடந்து போனவள் நின்று பார்த்து, வெயில் குடிக்கிற சாமானை ஏன் ஐயா குடைக்குள் வைத்திருக்கிறீர்கள், என் வடகமே இப்படி வைத்தால் பூசணம் பூத்துவிடுமே என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஒளியுருவமும் மன்னரே ஆதலால் அதன்மேல் வெயில் படலாகாது என்று நம் நாட்டு ஆசார மண்டபத்தார் விதித்து, நான்கு குடைவீரரை அல்லும் பகலும் வெண்குடை பிடிக்க அனுப்பியிருக்கிறார்கள். புறப்படுமுன் கருவிச்சாலையில் குடித்த வெயில் ஒன்பதரைப் பெயருக்கு வந்தது. அதன்பின் ஒரு துளியும் உள்ளே இறங்கவில்லை. அதை அறியாமல் ஏழு நாள் பக்கத்திலேயே அமர்ந்து பல்லைக் கடித்தவன் நான். அந்தக் குறையை உம்மீது ஏற்றமாட்டேன்.

உம்மீது ஏற்றவேண்டியது வேறு இருக்கிறது. செவிக்கொம்பு வெறுஞ்செம்பாகவே நிற்கவேண்டும், எப்பூச்சும் ஆகாது என்று பேழையோடு தந்த ஓலையில் எழுதியவர் நீர். திருவிழாவை முன்னிட்டு அதற்குப் பொன்முலாம் பூசியவரும் நீர். மன்னரின் செவி செம்பாக இருப்பது அழகன்று என்று யாரோ சொன்னார்களாம், நீரும் தலையசைத்தீராம்.

குடையை விலக்கச் சொன்னேன். குடைவீரர் தலைவர் பிடவனார், வெயில் பட்டால் மன்னர் கறுத்துப்போவார் என்றார். அரசக் குடையை ஆணையின்றி மடக்கியவனுக்கு வலக்கை போகும் என்பதையும் நினைவூட்டினார். குடையில் ஓட்டை போடலாமா என்றேன், ஆகாது என்றார். சாய்த்துப் பிடிக்கலாமா என்றேன், எவ்வளவு என்றார். அவர் எவ்வளவு என்று கேட்டதுமே எனக்கு உயிர் வந்தது. ஒரு முழத்தில் தொடங்கி, கெஞ்சி, கோபித்து, எழுந்து போவதுபோல் போய்த் திரும்பி வந்து, ஓர் உள்ளங்கை அகல வெயிலை ஒரு நாழிகைக்கு வாங்கினேன். நேற்று அதைக் கொண்டு அவையில் பேழையைத் திறக்க, மாமன்னர் ஒரு சாண் உயரத்துக்கு, குரலின்றி எழுந்தார். அரசியார் சிறிதும் நகையாமல், இவர் மன்னரின் இளைய புதல்வரோ என்று வினவினார். நான் மேலாடை மறைவில் செவிக்கொம்பின் அடிப்புறத்தை நகத்தால் ஒரு நெல்லளவு சுரண்டினேன். உடனே அவை முழுதும் கேட்க மன்னர், பாக்கு என்றார். அங்கே யாரிடமோ கேட்டிருக்கிறார். இங்கே ஏடெழுதுவோர் சிறைப்பட்டியலைப் புரட்டி, பாக்கு என்பவன் யார் என்று தேடத் தொடங்கினார்கள். அவர்கள் தேடி முடிப்பதற்குள் ஒளி அணைந்தது. பண்டார அதிகாரி வெளியே வந்து மூன்று மரக்கால் உப்பு என்றார். பிறகு அதுவும் வேண்டாம் என்றார்.

ஆயினும் நோய் இரண்டும் தெரிந்துவிட்டன: பட்டினிக்குக் காரணம் குடை, செவிட்டுக்குக் காரணம் பொன். முதல் நாள் வயிறு நிறைய வெயில் இருந்ததால் குரல் பொன்னையும் மீறி வந்தது, வெயில் வற்றியதும் அந்தப் பொன்னே செவியை அடைத்தது. குடை விலக்க ஒப்புதல் கேட்டு எழுதலாம். ஆசார மண்டபம் கூடுவது அடுத்த மாதத் தேய்பிறையில். எஞ்சியவரைக் கருங்கல் குழியில் இறக்குவது இந்தப் பௌர்ணமியில். அந்தக் குழியில் இறங்கியவர் ஏறி வந்ததை இந்நாட்டார் எவரும் கண்டதில்லை. ஒரு நாள் தவணை கேட்டேன். பெயரைச் சொல்லமுடியாத அரசனுக்கு அந்த ஆட்கள் எதற்கு என்று அரசியார் கேட்டார். வாய்ப்பேச்சில் நான் தோற்ற நாள் அது.

ஆகவே, நாளை மறுநாளாகிய பதினொன்றாம் நாள் விடியலில் குடையை என் கையால் மடக்குவேன். செவிக்கொம்பின் பொன்னை அரத்தால் முழுதும் அராவுவேன். பிடவனாரிடம் இதைச் சொன்னேன். அவர், தடுக்கமாட்டேன், ஆனால் ஆசார மண்டபத்துக்கு எழுதுவேன் என்றார். நேர்மையான விலை, பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். முழு உருவம் எழ இரண்டு பகல் வெயில் வேண்டும் என்பது உம் கணக்கு. பதின்மூன்றாம் நாள் காலை நான்காம் நாழிகையில் பேழை திறக்கப்படும்.

தூதுக்கணையாழி பூண்ட உரிமையால் உமக்கு இடும் கட்டளை. சைகைக் கோபுரத்துக்குத் திருவிழாப் பட்டு ஏதும் சுற்றியிருந்தால் இந்த ஓலை கண்ட கணமே அவிழ்க்கப்படுக. குறித்த நாளில் குறித்த நாழிகைக்கு மாமன்னரை அனுப்புப் பேழையின்முன் எழுந்தருளச் செய்க. பொத்தி, தோணன், ஆலங்கோ, சேந்தன், கிழவன் வங்கன் என்னும் ஐந்து பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்முன் பிடிக்க. பொத்தியை முதலிலிருந்து சொல்லச் சொல்க. பாக்கு முன்னதாகவே கொடுக்கப்படுக. இதற்கு மறுமொழி ஓலை வேண்டா, குதிரைகள் இளைப்பாறட்டும்.

இரட்டைக்கயல் இலச்சினை பொறித்து, அரக்கு ஆறுமுன் எழுதிச் சேர்த்த கணக்கு:

வெண்டுறையார் பதினால்வர்க்குக் கால் இருபத்தெட்டு. விலங்கு கழன்றவை பத்தொன்பது. நிலுவை ஒன்பது. நிலுவைக்கு ஈடாக வைத்தது, சாத்தன் கண்டீரன் வலக்கை ஒன்று.