ஜெசிந்தா அக்கா கல்லில் போட்ட கோடு

என் பாசத்தையும் என் எரிச்சலையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்ட ஜெசிந்தா அக்காவுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. எல்லாரும் அந்த வாரமே எழுதிவிட்டார்கள். உங்கள் கிளினிக் நர்ஸுகள் எழுதினார்கள், சர்ச் ஆட்கள் எழுதினார்கள், உங்களிடம் ஒரே ஒரு தடவை ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூட உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதினார்கள். "நீதானே அவங்களுக்கு ரொம்ப நெருக்கம், நீ எழுதலையா பவி?" என்று சரவணன் கேட்டார். உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் புகார்தான் அக்கா. இறந்துபோனவரைப் பற்றி முறைப்பாடு எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று மூடி வைத்துவிட்டேன்.

இப்போது ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் கல் வெட்டும் மெஷின் எங்கள் பால்கனியில்தான் இருக்கிறது, வாஷிங் மெஷினுக்கும் துணி ஸ்டாண்டுக்கும் நடுவே. அதற்கு மேலே கொடியில் நீங்கள் மாட்டிய சலைன் பாட்டிலும் அப்படியே தொங்குகிறது. பிளேடு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் சொட்ட வேண்டும் என்பதற்காக, தேதி முடிந்துபோன ட்ரிப் செட்டைக் கிளினிக்கில் கேட்டு வாங்கி வந்து கட்டினீர்களே, அது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்கிறார்கள். கல்லுக்கு என்று இனியா பதில் சொல்கிறாள்.

இனியாவுக்கு ஏழு வயதாகிவிட்டது. அவளுக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போட வந்தபோதுதான் உங்களை முதலில் பார்த்தேன். அறை முழுக்கப் பிள்ளைகள் அலறிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை மட்டும் உங்கள் கையில் கிடந்து உங்கள் முகத்தையே பார்த்தது. நான் வாங்கியதும் வீறிட்டது. "எந்த ஊரு பிள்ளே நீ? முசிறியா? நான் குளச்சல் பக்கம். பயராத, ஒண்ணும் ஆவாது" என்றீர்கள். என் பொறாமைக்கும் அன்றைக்குத்தான் பிள்ளையார் சுழி.

முதல் இரண்டு வருடம் நாம் இருவர்தான். உங்களுக்கு ஆஃப் கிடைக்கிற நாளில் சரவணன் தைத் டவுனைத் தாண்டி, மலையடிவாரத்து வாடிக்குக் காரை ஓட்டுவார். மழைத் தண்ணீர் எப்போதோ ஓடிக் காய்ந்த அந்தக் கல்படுகையில் நம்மை இறக்கிவிட்டு, காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவார். நான் இனியாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் நடப்பேன். "பத்து வருசமா இந்த அரபு நாட்டுல மருந்து வாசமும் ஏசிக் காத்தும்தான் எடி. கொஞ்சம் நடப்போம், வா" என்பீர்கள்.

எனக்குக் கல் கிடைக்காது. அரை மணி நேரம் முதுகு ஒடியக் குனிந்து ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து கொட்டுவேன். நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுவீர்கள். "இது சிமிட்டி. இதுவும் சிமிட்டி. எடி, இது காஞ்ச ஆட்டுப் புழுக்கைல்லா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன், உள்ளே வெந்துகொண்டு. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். எந்தக் கல்லில் சிலிக்கா, எதில் இரும்பு என்று என்னால் எழுதிக் காட்ட முடியும். ஆனால் கல் உங்கள் காலடியில்தான் வந்து கிடந்தது. நரம்பு தேடி ஊசி போட்ட கண் அது. "கல்லுல நரம்பு நல்லாத் தெரியும் பவி. கைப்பிள்ளைக கையிலதான் தேடணும்" என்பீர்கள்.

பிறகு இனியா நடக்க ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்தாள். நீங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு முன்னால் போனீர்கள். பின்னால் வந்த நான் தண்ணீர் கேனும் தொப்பியும் சன் கிரீமும் தூக்குகிறவள் ஆனேன்.

ஒரு நாள் அவள் ஒரு கல்லை நாக்கால் நக்கினாள். நான் ஓடிவந்து அதைத் தட்டிவிட்டேன்.

"அக்கா, அதுல ஒட்டகம் என்னென்ன பண்ணியிருக்குமோ! ஃபைபர் இருக்கிற கல்லா இருந்தா? நுரையீரல் என்னத்துக்காகும்?"

"தண்ணி பட்டாதான் பாலிஷ் போட்டா எப்படி இருக்கும்னு தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நக்குனதுக்கு நுரையீரல்ல என்னடி வரப்போவுது?"

"தண்ணி நான் கேன்ல வச்சிருக்கேன்ல?"

"நீ அங்கேயிருந்து வாறதுக்குள்ள கல்லுக்கு வயசாயிரும்!"

அப்போது இனியா உங்கள் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள் அக்கா. என்னைப் பார்த்து பயந்து, உங்கள் பின்னால். உங்களுக்கு அது நினைவிருக்காது. எனக்கு மறக்கவில்லை.

மெஷின் வந்த கதையும் அப்படித்தான். முதலில் அல் கூஸில் மார்பிள் கடைக்குக் கல்லைக் கொண்டுபோனோம். "சிஸ்டர், கிச்சன் மேடை வெட்டுற மெஷின்ல கூழாங்கல்ல வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, முதலாளி பாத்தா என்னைய வெட்டிப்புடுவாரு" என்று அந்த ராமநாதபுரத்து அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் சின்னதாக ஒன்று வாங்கினீர்கள். உங்கள் ரூமில் நாலு பேர், நாலு கட்டில், இடம் இல்லை, மாஃபி. அதனால் அது என் பால்கனிக்கு வந்தது. பிளேடு உங்கள் கையில். சொட்டுகிற தண்ணீரைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் இனியாவின் கையில். பெரிய கண்ணாடியும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு "ஆன்ட்டி, மோர் டிரிப்பா, லெஸ் டிரிப்பா?" என்று கேட்பாள். நான் உள்ளே இருந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். என் வீடு, என் பிள்ளை, என் பால்கனி. டீ கொடுக்க மட்டும் கதவைத் திறப்பேன்.

எனக்கு யார் மேல் பொறாமை? பிள்ளையைப் பிடித்துக்கொண்ட உங்கள் மேலா, உங்களைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மேலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை அக்கா.

கடைசியாக வந்தபோது பாதியாக இளைத்திருந்தீர்கள். ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். திரும்பமாட்டீர்கள் என்று நம் இருவருக்குமே தெரிந்திருந்தது. இனியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைக்குள் அடங்குகிற ஒரு கல்லைக் கொடுத்தீர்கள். மேல்தோல் அழுக்குப் பச்சை. உடைந்த ஒரு ஓரத்தில் உள்ளே செக்கச்செவேல் என்று ஜாஸ்பர், அதில் வெள்ளையாக ஒரு நரம்பு. அலுமினியக் கம்பியால் அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தீர்கள். கோடு நரம்புக்குக் குறுக்கே போனது. "இந்தக் கோட்டுல வெட்டினா உள்ள வெள்ளையா ஒரு மின்னல் வரும் மக்ளே. நான் வந்து வெட்டித் தருவேன். அதுவரை வச்சிக்கோ." எனக்கு? கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்தீர்கள். எனக்கென்று ஒரு கல்லில்கூட நீங்கள் கோடு போட்டுவிட்டுப் போகவில்லை.

நீங்கள் போன செய்தி வந்த பிறகும் இனியா அதை யாரையும் தொடவிடவில்லை. ஸ்கூல் பேக்கில், ஜாமெட்ரி பாக்ஸுக்குள், டிஷ்யூவில் சுற்றி. போன மாதம் நான் கேட்டேன். "அம்மா வெட்டித் தரட்டுமா செல்லம்?"

"நோ மம்மி. உங்களுக்குக் கல்லு தெரியாது. ஜெசி ஆன்ட்டிக்குத்தான் தெரியும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் அவள் ஸ்கூலுக்குப் போனதும் அந்தக் கல்லை எடுத்தேன். பேக்கில் வெயிட் அதிகம் என்று காலையில் அவளை வைத்துவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான். மெஷினைப் போட்டேன். உங்கள் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் வெட்டவில்லை. நரம்பு போகும் திசையிலேயே வைத்துத் தள்ளினேன். எனக்கும் தெரியும் என்று காட்ட, உங்கள் மின்னலைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்துக்கொடுக்க. அவசரமாகவும் தள்ளினேன். பாதியில் டப்பென்று ஒரு சத்தம். நரம்போடு பிளந்து மூன்று துண்டாகிவிட்டது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது, ஒன்று வெறும் சில்லு. அந்த வெள்ளை பெரும்பாலும் தூளாகித் தண்ணீரோடு போய்விட்டது.

இனியா வந்தாள். பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "கோடு தண்ணில அழிஞ்சு போச்சு கண்ணு. எங்க வெட்டணும்னு அம்மாவுக்குத் தெரியல."

அவள் துண்டுகளைக் கையில் எடுத்துப் புரட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அலுமினியம் தண்ணில அழியாது மம்மி. பேனா கோடுதான் அழியும். அதுக்குத்தான் ஆன்ட்டி கம்பி வச்சிருந்தாங்க."

சின்னத் துண்டின் முதுகில் உங்கள் கோடு அரை விரல் நீளத்துக்கு மிச்சமிருந்தது. வெள்ளியாக, அப்படியே.

எம்.எஸ்சி. படித்த வாய், ஏழு வயதுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டது. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. டிஷ்யூவில் சுற்றி எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள் அக்கா. ஸ்கூல் பஸ் வந்துவிட்டது என்று சொன்னால்கூட ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரவணனிடம் சொல்லி அழுதேன். "செத்துப்போனவங்களோட போட்டி போட்டா யாரு ஜெயிக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, பிள்ளைக்குக் கல்லு குடுத்தாங்க. மெஷின யாருக்கு விட்டுட்டுப் போனாங்க?" என்றார். ரூமில் இடமில்லாமல் விட்டது, அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதானா அக்கா?

போன வாரம் உங்கள் மகள் ஷைனியிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாளாம். குரல் அப்படியே நீங்கள். கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டேன். வருச நினைவு ஜெபத்துக்குப் படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னாள். கடைசியில், சிரித்துக்கொண்டே: "அக்கா, உங்க இனியா கல்லு பொறுக்குன கதையெல்லாம் அம்மா போன்ல அவ்வளவு சொல்லுவாங்க. எனக்கு ஒரு கல்லுகூடக் கொண்டு வந்ததில்ல, கேட்டீங்களா. லீவுக்கு வரும்போதெல்லாம் சோப்பும் பால்பொடியும்தான். கல்லு எங்கம்மான்னா, லக்கேஜ் வெயிட்டு மக்ளேம்பாங்க. உங்க பிள்ளை மேல எனக்கு உள்ள பொறாமை இருக்கே..."

அதை நான் ஐந்து முறை கேட்டேன்.

என் பிள்ளை உங்களோடு நடந்த நாளெல்லாம் ஷைனி அங்கே போனில் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை வருடமாக வரிசையில் நான் மட்டும்தான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பின்னாலும் ஒருத்தி நின்றிருக்கிறாள், என்னைவிட நியாயமான காரணத்தோடு.

நேற்று சனிக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்ததும் இனியாவைப் பால்கனிக்குக் கூப்பிட்டேன். "அன்னைக்குக் கோடு அழியல. எனக்குத் தெரிஞ்சுதான் வேற மாதிரி வெட்டுனேன். பொய் சொன்னேன்" என்றேன்.

"ஐ நோ." கொடியில் தொங்கிய பாட்டிலைப் பார்த்தபடியே கேட்டாள். "என் கல்லு மேல உங்களுக்கு ஏன் கோவம்?"

உங்களிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும். "ஆன்ட்டி உனக்கு மட்டும் குடுத்தாங்கள்ல" என்று சொன்னேன். அதைவிட உண்மையாக எதுவும் வாயில் வரவில்லை.

அவள் உள்ளே போய் மூன்று துண்டுகளையும் உங்கள் அலுமினியக் கம்பியையும் எடுத்து வந்தாள். பெரிய துண்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்குக் குறுக்கே, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். "இங்க. நான் டிரிப். நீங்க வெட்டுங்க. ஸ்லோவா. ஜல்தி பண்ணக் கூடாது." அந்த ஜல்தி, கிளினிக்கிலிருந்து நீங்கள் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தது.

மெதுவாகத்தான் வெட்டினேன். வந்தது அக்கா. முழு மின்னல் இல்லை, ஒரு சின்னக் கீற்று. தட்டில் தேய்த்து, பொடியின் நம்பர் மாற்றி மாற்றித் தேய்த்து, தோல் துண்டில் பவுடர் தடவிப் பாலிஷ் போட்டு முடிக்கும்போது மதியமாகிவிட்டது. இனியா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாட் பேட், மம்மி." நீங்கள் சொன்னால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பீர்கள். பரவாயில்லை.

பிறகு ஷைனியைப் பற்றிச் சொல்லி, அவளுக்கு ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டேன். இனியா துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பாலிஷ் போட்ட பெரியதைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சின்னதை என்னிடம் நீட்டினாள். என் பிள்ளை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அந்தச் சின்னத் துண்டில்தான் உங்கள் கோடு இருக்கிறது. தெரிந்து கொடுத்தாளா, சின்னது என்பதற்காகக் கொடுத்தாளா? நான் கேட்கவில்லை. இன்று ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். கோடு இருக்கிற பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் கை இழுத்த கோடாக இங்கே மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அது எனக்கு வேண்டும். பாலிஷ் போடும்போதே மூன்று தரம் என் டிராயருக்குள் போய்விட்டு வந்தது. ஆனால் ஜூலையில் லீவுக்கு வருகிறோம். முப்பது கிலோவில் எதை எடுத்துப் போடச் சொன்னாலும் எடுத்துப் போடுவேன். இந்தக் கல் என் கைப்பையில் வரும். குளச்சலுக்கு வந்து, கோடு மேலே தெரிகிற மாதிரி ஷைனியின் உள்ளங்கையில் வைப்பேன். கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தும் பொறாமைப்படுவேன். அதற்கு மட்டும் என்னைத் திட்டாதீர்கள்.

கூடப் பிறக்காமலே உங்களிடம் பங்கு கேட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சி பவித்ரா