ஐந்தாம் லயத்தின் எலி

ஏப்ரல் 3

தொண்டை இன்னும் தேறவில்லை. மாரியம்மன் திருவிழாவின் மூன்று நாளும் கோயில் மைக்கைப் பிடித்தது நான்தான். தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் என்றால் மைக்கும் சேர்ந்துதான் வரும். மகள் ஜெயந்தினி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். "ரெண்டு நாள் பேசாம இருந்தீங்கன்னா சரியாயிடும்ப்பா." உயர்தர வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறாள். வாய் நீளம்.

ஏப்ரல் 5

மோசம் போனோம்.

காலையில் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற எல்லாருக்கும் முன்னால், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டார். "லயத்துக்குப் பின்னால அறை கட்டியிருக்கீங்களாமே? தொரைக்குத் தெரிஞ்சு போச்சு. மாசம் முடியறதுக்குள்ள நீங்களே பிரிச்சிடுங்க."

அக்காவின் மகள் நிஷாந்திக்கு அடுத்த மாதம் பிரசவம். இருப்பது ஒரே காம்பரா, அதில் ஆறு பேர். தாயையும் பிள்ளையையும் எங்கே படுக்க வைப்பது? அனுமதி கேட்டு நான் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு வருடமாகத் தோட்டத் துரையின் மேசையில் தூங்குகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கூடிக் கட்டினோம். முன்னால் வாழை மரங்கள். யாராவது கேட்டால் கோழிக்கூடு. ஒரே கூரை வரிசையான எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எப்படி? எவன் போயி சொன்னான்? கூடவே இருந்துட்டு—

கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

ஏப்ரல் 6

நம்மிடம் கருங்காலி என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி நானே தேய்த்துவிட்டேன். போன மாதம் என் வெற்றிலையை எடுத்தவனைக்கூட அப்படித்தான் திட்டினேன். இந்தத் துரோகத்துக்கு அது போதாது. காட்டிக்கொடுக்கிறவனை வெள்ளைக்காரன் என்ன சொல்வான் என்று மகளிடம் கேட்டேன். போனில் தேடி வாசித்தாள். ராட் என்றால் எலி. மோல், மண்ணுக்குள் தோண்டுகிற ஒரு பிராணி. ஸ்டூல் பிஜன், புறா. கிராஸ், புல். அப்புறம் ஸ்னிச், கோள்சொல்லி. டர்ன்கோட், கட்சி மாறி. நமக்குக் கங்காணி வைத்த ஆட்கள் அல்லவா, சொல்லுக்குப் பஞ்சமா இருக்கும்? எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒருவனைப் புல் என்று எப்படித் திட்டுவது என்பது மட்டும் விளங்கவில்லை.

ஏப்ரல் 8

வாச்சர் செல்லசாமிதான். துரை பங்களாப் பக்கம் போய்வருகிறவன் அவன் ஒருவன். பெரட்டில் வைத்து "யூ ஆர் எ ராட்" என்றேன். "தேங்க்யூ தலைவரே" என்று கும்பிட்டான். ஆங்கிலம் தெரியாதவனை ஆங்கிலத்தில் திட்டுவது வீண் வேலை.

இரவு சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது. அந்த அறையின் சுவருக்கு மண் சுமந்ததே செல்லசாமி.

ஏப்ரல் 9

கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கூரைத் தகரம் இக்ராமின் கடையில் வாங்கியது. எந்தத் தோட்டம், எந்த லயம் எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"இக்ராம், நீ ஒரு ஸ்டூல் பிஜன்."

"அப்படின்னா?"

விளக்கினேன். இந்த முறை தமிழில். அவன் முகம் சுருங்கிப் போனது. "நோன்போட இருக்கேன் தலைவரே. பதினாறு வருசப் பழக்கம். நான் போய்ச் சொல்லுவேன்னு நினைச்சீங்களா?"

ஏப்ரல் 11

நோன்புப் பெருநாள். வருடா வருடம் இக்ராம் வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் வரும். இன்று வரவில்லை.

ஏப்ரல் 14

புதுவருடம். பலகாரம் இறங்கவில்லை. லெட்சுமி அக்கா ஒரு தட்டு முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தார். அறை போகப்போகிறவர் எனக்கு முறுக்கு அனுப்புகிறார்.

ஏப்ரல் 16

எழுதக் கை கூசுகிறது.

கண்டாக்கையாவை மலைப் பாதையில் தனியாக மறித்தேன். "அந்த ஸ்னிச் யாருன்னு மட்டும் சொல்லுங்கய்யா." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீங்கதான் தலைவரே. கோயில் மைக்ல. ரெண்டு தடவ."

உபயக்காரர் சீட்டு! 'லெட்சுமி குடும்பத்தார், பட்டுச்சேலை.' சீட்டில் இருந்தது அவ்வளவுதான். வேண்டுதலையும் சொன்னால்தானே உபயத்துக்கு மரியாதை என்று நானாகச் சேர்த்தேன்: "புது அறை நல்லபடியாகக் கட்டி முடிந்ததற்காக." கூம்பு ஸ்பீக்கரைப் பங்களாவைப் பார்க்கக் கட்டச் சொன்னதும் நான். துரைக்கும் கொஞ்சம் பக்தி வரட்டும் என்று. துரைக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

எலி, புறா, புல், எல்லாம் நானேதான்.

நேரே லெட்சுமி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியுங்க. நான் தேங்காத்தட்டோட அங்கதானே நின்னேன். மைக்ல கேட்டப்ப பெருமையாத்தான் இருந்துச்சு."

"லயத்துக்குத் தெரியுமாக்கா?"

"கூம்புல கத்தினா யாருக்குத்தான் கேக்காது? தலைவர் தாங்கமாட்டாரு, யாரும் சொல்லிராதீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

பதினொரு நாளாக நான் ஒவ்வொருவர் முகத்திலும் துரோகியைத் தேடியிருக்கிறேன். அத்தனை பேரும் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வாழை மரத்தடியில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 17

துரையிடம் போனேன். "மைக்ல சொன்னது நானுங்க. அறையைப் பிரிக்கிறதுன்னா முதல்ல என்னைய வேலையிலேர்ந்து நிப்பாட்டுங்க." துரை கோப்பிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தார். "அறைய நான் ஒடச்சேன்னு வைங்க, அடுத்த திருவிழாவுல அதையும் மைக்ல சொல்லுவீங்க." கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 18

இக்ராமிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைக்குள் இழுத்து உட்கார வைத்தான். குளிர்பெட்டியில் எனக்கென்று எடுத்து வைத்திருந்த வட்டிலப்பம் ஒரு வாரப் பழசு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மே 24

நிஷாந்திக்குப் பெண் குழந்தை. தீட்டும் கழிந்தாயிற்று. தாயும் பிள்ளையும் புது அறையில் சுகம்.

இன்று வெள்ளிக்கிழமை, அக்கா பெயரில் கோயிலில் பூசை. மைக் இப்போது செல்லசாமி கையில். கூம்பை ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தேங்காய் உடைக்கும் வேலை.