நனையாத தாள்

மொகல் தெரு, இரங்கூன்
17 ஏப்ரல் 1926

என் மனைவி உம்மு சல்மாவுக்கு மீரா முகைதீன் சலாம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். உன் தம்பி தஸ்தகீர் வீட்டில் நீயும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. பெருநாள் வந்து போய்விட்டது. தொழுதுவிட்டு வந்து, அடைத்த கடைக்குள்ளேயே படுத்துக்கிடந்தேன்.

உம்மா கண்ணை மூடி மவுத்தான நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா அடுத்த மாதம் தொடக்கத்தில் வருகிறது. சல்மா எங்கே என்று ஜனங்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வேன்? உன்னை மகளாக வைத்திருந்தவள் மையித்தாகக் கிடந்தபோது உன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாளே நோன்பு வேளையில் நீ அடுக்களையில் தண்ணீர் குடித்ததை என் அக்கா ரஹீமா கண்டாள். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னை நான் பேசியது கடுமைதான். ஆனால் நீ ஒரு வார்த்தை மறுக்காமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாயே.

பாத்திஹாவுக்கு வா. அக்காவிடம் மன்னிப்புக் கேள். கெம்மண்டைன் டிராமில் போகிற தூரம்தான், ஆனால் உன் தம்பி முகத்தில் விழிக்கக் கூச்சமாயிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மீரா முகைதீன்


கெம்மண்டைன்
20 ஏப்ரல் 1926

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, சல்மாவின் சலாம்.

இந்த வெயிலில் குடை எடுத்துப் போகிறீர்களா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இல்லாத வீட்டில் இதையெல்லாம் கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறதோ, தெரியவில்லை.

தண்ணீர் குடித்தது உண்மை. அன்றைக்கு மட்டுமல்ல, நோன்பு மாதம் முழுவதும் குடித்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது மச்சான். சோற்றை மென்றால் மணலை மென்ற மாதிரி இருக்கிறது, தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் தனியாக உட்கார்ந்தது அதனால்தான். அதை அடக்கம் என்று மாமி மெச்சினார்கள். நானும் பேசாமல் அந்த மெச்சலை வாங்கிக்கொண்டேன். பற்கள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்கின்றன. வெற்றிலையால் வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னபோது ஆமாம் என்றேன். முக்காட்டால் வாயை மறைத்துப் பேசப் பழகிக்கொண்டேன்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று எனக்குத் தெரியும். என்ன நோய் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா? காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, நடமாடிக்கொண்டுதான் இருந்தேன்.

மாமி போன அன்று அழுகை முட்டியது. கண் எரிந்தது. நீர்தான் வரவில்லை. பெண்கள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. எச்சிலைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வாயில் எச்சிலும் இல்லை.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களோடு இருக்கட்டும்.

சல்மா


மொகல் தெரு
22 ஏப்ரல் 1926

சல்மாவுக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். என்ன செய்வது, அவளும் கேட்க வேண்டியவள்தானே. “புடிபட்ட பெறகு வந்த நோவுடா இது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். 

அழ முடியாத நோய் என்று நான் கேள்விப்பட்டதில்லை. நோய் என்றால் டாக்டருக்குத் தெரியும். போய்க் காட்டு. அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுது.

மீரா முகைதீன்


கெம்மண்டைன்
30 ஏப்ரல் 1926

மச்சான் அவர்களுக்கு சலாம்.

போய்க் காட்டினேன். படகுத்துறைப் பக்கம் ஒரு பர்மியப் பெண் டாக்டர் இருக்கிறார். எனக்குத் தெரிந்த பர்மியப் பேச்சில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். மறைத்த வாயைத் திறக்கச் சொன்னபோது எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

நாக்கில் எலுமிச்சைச் சாற்றை விட்டார். எரிந்தது, ஊறவில்லை. பிறகு மை ஒற்றும் தாளைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, என் கண்ணின் கீழ் இமையில் ஒன்றைத் தொங்கவிட்டார். தன் கண்ணிலும் ஒன்று வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் எதிரெதிரே அப்படி உட்கார்ந்திருந்தோம். சற்று நேரத்தில் அவருடைய தாள் பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. என்னுடையது அப்படியே உலர்ந்திருந்தது. வெங்காயத்தை நறுக்கி மூக்குக்கு நேரே பிடித்தார். அப்போதும் நனையவில்லை.

விரல் கணுக்கள் வலிக்குமா என்று கேட்டார். நான் சொல்லாமலே கேட்டார் மச்சான். காலையில் விரலை மடக்க முடியாமல் போவதைத் துணி துவைத்த வலி என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே நோய் என்றார். எச்சில் ஊறும் இடமும் கண்ணீர் ஊறும் இடமும் வற்றிப்போகும் நோயாம், பெண்களுக்குத்தான் அதிகமாம். ஐரோப்பாவில் சில டாக்டர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்களாம், இன்னும் சரியான பெயர் வைக்கவில்லையாம். ஏன் வருகிறது என்று கேட்டேன். “எனக்குத் தெரியாது. உன் உடம்பே உன் ஊற்றை அடைப்பது போலத்தான் எனக்குப் படுகிறது” என்றார்.

உயிருக்கு ஆபத்தில்லை. தீரவும் தீராது. கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். அடிக்கடி தண்ணீர் குடி, அதில் வெட்கமென்ன என்றார்.

சல்மா


மொகல் தெரு
2 மே 1926

என் அன்புள்ள சல்மாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அல்ஹம்துலில்லாஹ், நீ குற்றமில்லாதவள். பள்ளிவாசலில் இரண்டு மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். எனக்குத் தலை நிமிர்ந்த மாதிரி இருக்கிறது.

அக்காவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம். பாத்திஹாவுக்கு எல்லோரும் கூடுவார்கள். நீ அந்தத் தாளைக் கொண்டுவந்து, உள்ளே பெண்கள் முன்னால் ஒரு முறை கண்ணில் வைத்துக் காட்டிவிடு. அக்காவும் தன் கண்ணில் வைத்துப் பார்க்கட்டும். அதோடு எல்லா வாயும் மூடிவிடும். வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறேன்.

உன் மீரா முகைதீன்


கெம்மண்டைன்
4 மே 1926

மச்சான் அவர்களுக்கு,

வண்டி அனுப்ப வேண்டாம். மாமிக்காக இங்கேயே யாசீன் ஓதிக்கொள்கிறேன்.

டாக்டர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினேன். அதை மாமியின் பாத்திஹாவில் கூடத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்கிறீர்கள். உங்களோடு இருக்கட்டும் என்று எழுதியதை அக்காவுக்குப் படித்தீர்கள். இப்போது பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டது. என் வாய்க்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரு முழுக்கத் தெரியும். பிடிபட்ட அன்றுகூட இவ்வளவு கூசவில்லை.

நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். தாள் நனையவில்லை, அதனால் என்னை நம்பினீர்கள். நனைந்திருந்தால்?

சல்மா


மொகல் தெரு
9 மே 1926

சல்மாவுக்கு,

பாத்திஹா நடந்தது. நீ எங்கே என்று அக்கா கேட்டாள். நான் வரச்சொன்ன விதம் சரியில்லை, அதனால் வரவில்லை என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. அக்கா சாப்பிடாமல் போனாள். அதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க எழுதவில்லை.

நீ கேட்டதற்கு நாலைந்து விதமாகப் பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். எல்லாம் பொய். தாள் நனைந்திருந்தால் நான் உன்னை நம்பியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. ஒரே பாயில் படுத்தவன். நீ பக்கத்தில் செம்பு வைத்துக்கொண்டு படுப்பாய், அடிக்கடி எழுந்து குடிப்பாய். தூக்கத்தைக் கெடுக்கிறாளே என்று புரண்டு படுத்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. நான் அங்கே வரலாமா? தஸ்தகீர் இருக்கும்போதே வருகிறேன். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மீரா முகைதீன்


கெம்மண்டைன்
12 மே 1926

மச்சான் அவர்களுக்கு சலாம்.

உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள். தம்பி இருப்பான். அவனிடம் கொஞ்சம் பொறுத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு பொறுப்பான் என்று தெரியாது.

சோறும் மீன் ஆணமும் வைப்பேன். இந்த முறை உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பேன். சில நேரம் தொண்டையில் நின்றுகொள்ளும், விரலை விட்டு எடுக்க வேண்டிவரும். முன் பற்கள் இல்லை, முக்காட்டால் மறைக்கப்போவதும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைக்கும்போது இப்போதே உடம்பு கூசுகிறது. என்றாலும் பாருங்கள்.

கடைசிவரை எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்க முடிந்தால், கை கழுவிய பிறகு மொகல் தெருவைப் பற்றிப் பேசலாம்.

உங்கள்
சல்மா