ஜூன் ஒன்றுக்கு முன்னால்

ஜனவரி 14, 2025. இர்விங், அமெரிக்கா
பொங்கலைக் குக்கரில் வைத்து இறக்கிவிட்டு, கடற்படைக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர், “உங்கள் மகளுக்கு என்ன வயது?” என்று கேட்டார். அனன்யாவுக்குப் பதினாறு, ஆனால் வந்தது எனக்காக என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வயது வரம்பைச் சொன்னார். மரைன் படை இருபத்தெட்டு. தரைப்படை முப்பத்தைந்து. கடற்படை நாற்பத்தொன்று. விமானப்படை நாற்பத்திரண்டு, ஆனால் எனக்கு வேண்டியது கப்பல். பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பத்தொன்பது, இருபதுதானாம். உங்களால் முடியுமா என்றார். முடியாதென்றால் எதற்கு வருகிறேன்?

வீட்டில் என் கணவர் முகுந்த் குதித்தார். “பைத்தியமா உனக்கு? நாப்பத்தொரு வயசுல யாராவது ஆர்மில சேருவாங்களா?”
“ஆர்மி இல்ல, நேவி.”
அனன்யா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “மாம், ஆர் யூ சீரியஸ்?”

சீரியஸ்தான். இன்ஜினியரிங் அப்பா முடிவு. அமெரிக்கா முகுந்த் முடிவு. பதினாறு வருஷமாக யாரோ எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். இது ஒன்றாவது நான் எடுத்த முடிவாக இருக்கட்டும்.

ஜனவரி 20
ஒன்றரை மைல் ஓட்டம். இருபத்திரண்டு நிமிடம். ஒரு நாயும் அதைப் பிடித்துக்கொண்டு வந்த ஆன்ட்டியும் என்னை முந்திப் போனார்கள். நாளைக்கும் ஓடுவேன்.

பிப்ரவரி 22
பரீட்சை பாஸ். மெடிக்கல் பாஸ். கேட்ட மருத்துவ உதவியாளர் வேலையும் இருக்கிறது. ஆனால் பயிற்சி தொடங்குவது ஜூன் 17. நாற்பத்திரண்டு ஆவதற்குள் உள்ளே போயாக வேண்டும். என் பேப்பர்கள்படி ஜூன் 1 அன்று எனக்கு நாற்பத்திரண்டு.

நான் பிறந்ததோ நவம்பர் ஒன்பது! ஜூன் 1 என்பது, பள்ளியில் சேர்க்க அப்பா ஐந்து மாதம் கூட்டிக் கொடுத்த தேதி.

பிப்ரவரி 23
குரோம்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டுக் கத்தினேன்.
“ஒரு வருஷம் சும்மா வீட்ல உக்காரக் கூடாதுன்னுதாம்மா... ஹெட்மாஸ்டரே ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கலாம்னாரு. ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?”
“இப்ப நான் என்னப்பா பண்றது?”
“விட்டுடும்மா. உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?”

விடுவதா? ஆஸ்பத்திரி சான்றிதழைக் காட்டி மாற்றலாம்தான். ஆனால் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாவற்றிலும் அதே தேதி. ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் கிளறுவார்கள். அதோடு, தேதி அப்பா கொடுத்தது, அத்தனை படிவத்திலும் கையெழுத்து நான் போட்டது. சரி, ஜூன் 1 அன்றே எனக்கு நாற்பத்திரண்டு ஆகட்டும். அதற்குள் போய்விட்டால் யார் தடுப்பார்கள்?

மார்ச் 3
ஜூனுக்கு முன்னால் எந்த வேலைக்கு இடம் இருக்கிறது என்று கேட்டேன். கப்பலில் சமையல். மே 6 கிளம்ப வேண்டும். யோசிக்கவே இல்லை, எடுத்துக்கொண்டேன்.

முகுந்த் விழுந்து விழுந்து சிரித்தார். “வீட்ல ரசம் வெக்கவே மூக்கால அழுவ, நீ ஐயாயிரம் பேருக்குச் சமைக்கப் போறியா?”
சிரிக்கட்டும். வீட்டுச் சமையலை யாரும் என்னைக் கேட்டுக் கொடுக்கவில்லை. இது நான் கேட்டு வாங்கியது.

ஏப்ரல் 19
பதினாறு நிமிடம் நாற்பது விநாடி! அந்த நாயை இன்று முந்திவிட்டேன்.

மே 5
முகுந்த் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று சாயங்காலம் என் ஷூவுக்குப் புது லேஸ் கோத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், “அறுந்துடும் போல இருந்துச்சு” என்றார். அனன்யா கட்டிப்பிடித்துக்கொண்டு, “போயிட்டு வாம்மா” என்றாள். தமிழில். அழுகை வந்துவிட்டது, வரட்டும்.

ஜூன் 1, ஞாயிறு. கிரேட் லேக்ஸ் பயிற்சி முகாம்
ஞாயிறு காலை மட்டும்தான் எழுத நேரம் தருகிறார்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் பதினெட்டு. முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வலி உயிர் போகிறது. போகட்டும், ஓட்டம் பாஸ்.

பேப்பர்படி இன்று நாற்பத்திரண்டு. இந்தத் தேதியை நான் ஒரு வருஷம்கூடக் கொண்டாடியதில்லை. இன்று காலைச் சாப்பாட்டில் ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் அந்தத் தேதியால் வகுப்பிலேயே சின்னவள். இங்கே எல்லாருக்கும் பெரியவள். என்னைப் புஷ்பவல்லி என்று இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. சட்டையில் கடைசிப் பெயர்தான், அதாவது அப்பா பெயர்தான் தைத்திருக்கிறார்கள். தினமும் விடியற்காலை அறையே அதிரக் கத்துகிறார்கள், “சுவாமிநாதன்!” என்று.

அப்பாவுக்குக் கடிதத்தில் எழுத வேண்டும், கூப்பிட்டதும் முதலில் போய் நிற்பது நான்தான் என்று.